சுண்ணாம்புக் கோட்டில் ஒரு விடுதி

எங்கள் பள்ளிக்கூடத்துத் திடலில் கொஞ்ச காலம் ஒரு விடுதி இருந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது, கதவும் கிடையாது. ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே போனால் திட்டு விழும். அதைக் கட்டியவரை நாங்கள் கோட்டக்கா என்று கூப்பிட்டோம். கோடு போடுகிற அக்கா. அந்தப் பேர் அவருக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், அது போதாதா?

முதலில் அவர் பழைய விடுதியைப் பார்க்கத்தான் வந்தார். முழுக்கைச் சட்டை, சட்டை முழுக்கப் பைகள், ஒவ்வொரு பையிலும் ஏதாவது ஒன்று: அளவு டேப், நூல்கண்டு, பென்சில், பாதி தின்ற பிஸ்கட். கையில் ஒரு கறுப்புக் குடை.

பழைய விடுதியில் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. நீளமான ஒரே கூடம், இரண்டு வரிசை இரும்புக் கட்டில், மேலே தகரக் கூரை. வெயில் ஏற ஏறக் கூரை டிக் டிக்கென்று சொடக்கு எடுத்துக்கொள்ளும். ஜன்னல்கள் எல்லாம் சமையற்கட்டின் பின்சுவரை முறைத்துக்கொண்டு நிற்பதால் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். மின்விசிறி, கூரையில் இருக்கும் சூட்டை இறக்கி எங்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். நாங்கள் குளித்த தண்ணீர் பின்பக்கம் தேங்கிக் கொசு வளர்க்கும். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் செடிகள் தண்ணீரில்லாமல் கருகிக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் அந்த இரண்டையும் யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை.

கோட்டக்கா நடுமத்தியானத்தில் என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"அக்கா, அது என் கட்டில்."

"தெரியும். நல்லா நடுவுல இருக்கு, அதான் படுத்தேன். இதுல எப்படிம்மா தூங்கறே?"

"தூங்கறதில்லக்கா. மயக்கம் போட்டுடுவேன். காலைல மணி அடிச்சா தெளிஞ்சிடும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வியர்த்தார். வெகுநேரம் வியர்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "சரி, புரிஞ்சுது" என்றார். எங்கள் வார்டனம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் அவர் பேரே விசில். "கட்டடம் கட்ட வந்தவங்க கட்டில்ல படுத்தா எப்படி?" என்று எங்களிடம் கேட்டார். பதில் தெரிந்திருந்தும் நாங்கள் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

கோட்டக்காவின் கதை எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஊரில் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் அவர் படம் வரைகிறவர். பள்ளிக்கூடம் முடித்து, படம் வரையும் படிப்பு படித்து, நேராக அந்த அலுவலகத்து மூலையில் போய் உட்கார்ந்தவர், தலையில் நரை வந்த பிறகும் அதே மூலையில்தான் இருந்தார். கட்டடத்தின் முகப்பை இன்ஜினியர் வரைவார். வரவேற்பறையை இன்ஜினியரின் மருமகன் வரைவார். மிச்சம் இருப்பது கழிப்பறையும் மாடிப்படியும். அது கோட்டக்காவுக்கு.

"நான் எத்தனை மாடிப்படி வரைஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். "ஒரு படியிலயும் நான் ஏறிப் போனதில்ல. எல்லாம் அடுத்தவங்க வீடு."

"கழிப்பறைக்காவது போயிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள் நெட்டை. நெட்டை என் கூட்டாளி. மூளைக்கும் வாய்க்கும் நடுவில் அவளுக்குக் கதவே இல்லை.

"போயிருக்கேன். ஒண்ணு ரெண்டு. நல்லாத்தான் இருந்துச்சு."

எங்கள் விடுதி வேலை அந்த அலுவலகத்துக்கு வந்தபோது இன்ஜினியர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "விடுதிதானே! வரிசையா அறை, கடைசியில கழிப்பறை, ஓரமா ஒரு மாடிப்படி. உனக்குத் தெரிஞ்சதுதான், நீயே பாத்துக்கோ" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் ஒரு முழுக் கட்டடம், முகப்பிலிருந்து மொட்டைமாடி வரை, முதல்முறையாக அவர் கைக்கு வந்தது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் பள்ளிச் செயலாளர் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய தகரக் கூடத்துக்கு இன்னொரு பூச்சு வண்ணம் அடித்து, ஜன்னலை அடைத்து, நான்கு ஏசி பெட்டி மாட்டிவிடுவதாக அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். கோட்டக்கா திரும்பவும் மூலைக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் திரும்பவும் மயக்கம் போட வேண்டியதுதான்.

காகிதத்தில் வரைந்ததைப் பார்த்து எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று ஆளாளுக்குக் கேட்டோம். கோட்டக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் அவர் வீட்டுக்காரர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், ஸ்கூட்டரின் பின்னால் சுண்ணாம்புத் தூள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. புருவம்கூட வெள்ளை.

"இந்தாம்மா உன் சிமெண்ட்டு" என்றார் மனைவியிடம். எங்களைப் பார்த்து, "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்கு வீடு கட்டிக் கொடுப்பாங்க. எனக்கு வாச்சவ வீடு கட்டறேன்னு என்னைச் சுமக்க வைக்கறா" என்றார்.

"சொல்றவர் சுமந்தாரா, ஸ்கூட்டர் சுமந்துச்சா?" என்றார் கோட்டக்கா.

அன்று சாயங்காலத்துக்குள் திடலில் விடுதி எழுந்தது. உண்மையான அளவில், வெள்ளைக் கோட்டில். கிழக்கே வாசல். வடக்கே ஒரு வரிசை அறை, தெற்கே ஒரு வரிசை அறை. மேற்கே சாலையைப் பார்த்த சுவர். நடுவில் வட்டமாக ஒரு பெரிய கூடம். கதவு இருக்கும் இடத்தில் கோடு விட்டுப் போயிருக்கும். ஜன்னல் இருக்கும் இடத்தில் இரட்டைக் கோடு. குளியலறைத் தண்ணீர் தோட்டத்துக்கு ஓடும் வாய்க்காலுக்குக்கூடக் கோடு இருந்தது. அஸ்திவாரம் தோண்டும் மண்ணையே அழுத்திச் செங்கல் ஆக்கப் போவதாகவும், கூரையில் வெந்நீர்த் தொட்டியை வெயிலே சூடாக்கும் என்றும் சொன்னார். தலையாட்டினோம். வெந்நீர் என்ற ஒரு வார்த்தை மட்டும் எங்கள் நெஞ்சில் இறங்கியது.

"பள்ளி விட்டதும் படிப்பு மணி அடிக்கிற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கணும்" என்றார். "அவங்கவங்க அறையில. சுவர் வழியா நடக்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்."

முதல் நாள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நெட்டை எங்கள் அறை வாசலில் நின்று வாயாலேயே "டக் டக்" என்று தட்டினாள். "யாரு?" என்றேன். "பக்கத்து வீடு, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?" என்றாள். "இல்ல, கதவைச் சாத்திட்டுப் போ" என்றேன். "கிரீச்" என்று சாத்திவிட்டுப் போனாள். விசில் விடுவிடுவென்று வந்து ஒரு சுவரைத் தாண்டி எங்கள் அறைக்குள் நுழைந்தார். மொத்த விடுதியும் "ஐயோ, மிஸ், சுவரு!" என்று அலறியது. அவர் ஒரு நொடி நின்றார். பின்னால் நகர்ந்தார். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, பிறகுதான் எங்களைத் திட்டினார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீடு நிற்கும் என்று.

கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. நின்றது என்றால் சலித்துப் போகவில்லை, பழகிவிட்டது. புல்லில் மல்லாந்து படுத்தால் என் அறையின் கூரையில் மேகம் போகும். பக்கத்து அறையில் யாரோ பாட்டு முணுமுணுப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது போலவே மங்கலாகக் கேட்கும். இடையில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாவிட்டாலும் அப்படித்தான் கேட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாகத்தான் வெளியே பார்த்தாள், சுவர் வழியாகப் பார்க்கவில்லை. கோட்டக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் மெதுவாக நடப்பார். யார் எங்கே உட்காருகிறார்கள், நிழல் எந்த அறையில் எப்போது வருகிறது, யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கனவில் நடப்பவர்களை எழுப்பாமல் சுற்றி வருகிற ஆள் மாதிரி இருப்பார்.

மேற்குப் பக்கம் மட்டும் இருக்க முடியவில்லை. சாய்ந்த வெயில் நேராக அடிக்கும். இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தது நான் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தீர்வு காணக் கிளம்பவில்லை. துவைத்துக் காயப்போட்டிருந்த விசிலின் படுக்கை விரிப்பை, சிவப்பில் பெரிய பெரிய பூப்போட்டது, உருவிக்கொண்டு வந்து மேற்குப் பக்கம் இரண்டு கம்பு நட்டுக் கொடி போலக் கட்டினோம். சாலையில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. விசில் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"யாருடி இது? என் மானத்தை வாங்கவே பொறந்திருக்கீங்களா?"

"காயவே இல்ல மிஸ், அதான் வெயில்ல போட்டோம்" என்றேன்.

அவிழ்க்கப் போனவரைக் கோட்டக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஈர விரிப்புக்குப் பின்னால் போய் நின்றார். கையை நீட்டினார். சாலைப் பக்கமிருந்து வந்த அனல்காற்று, ஈரத்துணிக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வரும்போது வேறு காற்றாக இருந்தது. "மிஸ், இங்க வந்து நில்லுங்களேன்" என்றார். விசிலும் போய் நின்றார். அந்தச் சிவப்புப் பூக்களுக்குப் பின்னால் இரண்டு பெரியவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். திட்டு பாதியில் காணாமல் போயிற்று.

மறுநாள் மேற்குச் சுவரைக் கோட்டக்கா உள்ளே தள்ளிப் போட்டார். வெளிப்பக்கம் நீளத்துக்கு ஒரு தாழ்வாரம் வந்தது. துணி காயப்போட. எழுபது பெண்கள் தினமும் துவைக்கிற துணி, வெயிலுக்குத் திரை. "தினமும் நீங்க துவைச்சுத்தான் ஆகணும், அது எப்படியும் காஞ்சுதான் ஆகணும். நடுவுல கொஞ்சம் நமக்கும் உழைக்கட்டுமே" என்றார். அதற்குப் பிறகு நிஜமாகவே கம்பு நட்டு, கயிறு கட்டி, சீருடையும் துண்டும் காலுறையும் அங்கேதான் காய்ந்தன.

ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது அந்த வட்டக் கூடம்தான். எங்களை எல்லாம் படிப்பு மணிக்கு அனுப்பிவிட்டு, அதன் நடுவில் தனியாக நின்று அண்ணாந்து பார்ப்பார். கூரை நடுவில் ஒரு திறப்பு வைக்கப்போகிறாராம். வெளிச்சம் தூண் மாதிரி இறங்கி, நாள் முழுக்கத் தரையில் நகருமாம். "இவ்ளோ நாளா வரைஞ்ச மாடிப்படி எல்லாம் இங்கதான் வந்து சேருது போல" என்று ஒருமுறை தனக்குத் தானே சொன்னதை நான் ஒட்டுக்கேட்டேன். செயலாளருக்கும் அந்தக் கூடம்தான் பிடித்திருந்தது. காகிதத்தில் பார்த்ததும் அதன் மேலேதான் விரலை வைத்தாராம். காலமாகிவிட்ட தன் அப்பாவின் பேரை அந்தக் கூடத்து வாசலில் கல்லில் பொறித்து வைக்க அவருக்கு ஆசை. கூடம் இருந்தால் கையெழுத்து. அவர் அதை ஒளிக்கவும் இல்லை.

எங்களில் ஒரு பொடிசு இருந்தாள். அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள், தன் போர்வையைவிடச் சின்னவள். அறை தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவள் தென்மேற்கு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாலைக்குப் பக்கம். சாயங்காலம் அவள் ஊருக்குப் போகிற பேருந்து அந்தச் சாலையில்தான் போகும். வளைவில் ஹாரன் அடிக்கும். அடித்ததும் பொடிசுக்கு முகம் கோணும். பிறகு சத்தமே இல்லாமல் அழுவாள். அழுகையைப் போர்வைக்குள் அழுது பழகியவள், வெட்ட வெளியிலும் அப்படியே அழுதாள்.

ஹாரன் கேட்டதும் நாங்கள் ஓடுவோம். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள். ஒருத்தி காதில் ரகசியம் சொல்வாள், ஒருத்தி பென்சிலைக் காணோம் என்று சண்டைக்கு இழுப்பாள், நான் விசில் மாதிரி நடந்து காட்டுவேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பேருந்துச் சத்தம் அடங்குகிற வரைக்கும்தான். அந்த நேரத்தில் நடைபாதையில் சுற்றி வாசலைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? கூடத்தின் இந்தச் சுவரில் நுழைந்து அந்தச் சுவரில் வெளியே போனோம். எல்லோரும்.

புல் பேசாது, ஆனால் தேயும். கொஞ்ச நாளில் கூடத்தின் நடுவே மூலை அறைக்கு நேராக ஒரு மண்பாதை விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சுவர் அழிந்து கிடந்தது. கோட்டக்கா அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தார். அது சரிதான், ஊரில் எது நடந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

"இது உன் வேலையா?"

"இல்லக்கா."

"அப்போ யாரு?"

"எல்லாரும்."

"சுவர் வழியா நடக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? ஏம்மா, அந்தக் கூடம் உங்களுக்குப் பிடிக்கலையா? அதுல யாருமே உக்கார மாட்டேங்கறீங்க, குறுக்கால மட்டும் நடக்கறீங்க."

பொடிசைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அவசரம்க்கா" என்றேன். "எல்லாருக்குமா?" என்றார். "ஒட்டுவாரொட்டி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அழிந்த இடத்தில் மறுபடியும் தூள் தூவிச் சுவரைக் கெட்டியாகப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் குடையைப் பிடிக்காமல், துணிகளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஹாரன் அடித்தது. வடக்கு வரிசையிலிருந்து, வாசல் பக்கமிருந்து, எங்கெங்கேயிருந்தோ காலடிகள் திடுதிடுவென்று கிளம்பின. புதிதாகப் போட்ட சுண்ணாம்பு வெள்ளைப் புகையாக எழும்பியது. அந்தப் புகைக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக, சுவருக்குள்ளிருந்து முளைப்பது போல, வந்துகொண்டே இருந்தார்கள். நான் விசில் மாதிரி நடந்துகொண்டிருந்தபோது இரண்டு சீருடைகளுக்கு நடுவில் கோட்டக்காவின் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் பொடிசு திரும்பிப் பார்ப்பாள். அவர் முகத்தைக் காலுறைகளுக்குப் பின்னால் மெதுவாக இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கூடத்துக்கு நடுவில் நிற்பார், அண்ணாந்து பார்க்க மாட்டார், காலடியைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரர் இன்னொரு மூட்டையோடு வந்தபோது இரண்டு பேரும் சமையற்கட்டுப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் நெட்டையும் மரத்துக்கு அந்தப் பக்கம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தோம். வெகுநேரமாக.

"கூடத்தை நடுவுல வெச்சது தப்புங்க" என்றார் கோட்டக்கா. "எல்லாரும் வந்து கூடட்டும்னு வெச்சேன். இதுங்க யாரு அழறாங்களோ அங்கதான் கூடுதுங்க. அதோட மேற்குல வர்ற காத்து வெளிய போற வழியையும் அந்தக் கூடம் அடைச்சுக்கிட்டு நிக்குது. இப்போ கோட்டுச் சுவர், காத்துக்குத் தெரியல. செங்கல் வெச்சா தெரியும்."

"அப்போ எடுத்துடு."

"எடுத்தா செயலாளர் கையெழுத்து போட மாட்டார்."

"அப்போ விட்டுடு."

"விட்டா இதுங்க ராத்திரி பகலா அந்தச் சுவரைச் சுத்திச் சுத்தி ஓடணும். அந்தச் சின்னது அதுவரைக்கும் தனியா உக்காந்திருக்கணும்."

வீட்டுக்காரர் கையிலிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டார். "இத பாரு. பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்ச வண்டிய நான் பணிமனைய விட்டு வெளிய விட்டதில்ல. மேனேஜர் கத்துவான், கத்தட்டும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"நீங்க வண்டியத் திரும்ப உள்ள விட்டுக்கலாம். எனக்கு இது ஒண்ணுதான் வண்டி" என்றார் கோட்டக்கா. வீட்டுக்காரர் தன் பாக்கெட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். நெட்டை என் தோளில் மூக்கைத் துடைத்தாள். என் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததால் அவள் மூக்கு வெள்ளையானது. அதற்காக மட்டும்தான் நான் சிரித்தேன்.

செயலாளர் வந்தது ஒரு விடுமுறை நாள், வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய வரைபடம். அழைத்து வந்த விசில், வாசலுக்கு வந்ததும் தன்னையறியாமல் "இப்படி வாங்க ஐயா, அது சுவரு" என்றார். செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசல் வழியாகவே வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார், "நல்லது" என்றார். ஜன்னல்களைப் பார்த்தார், "நல்லது" என்றார். கூடத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "ஆங், இதான். கல்லு எங்க வரும்?"

கோட்டக்கா அந்த மண்பாதை தொடங்கும் இடத்துக்குப் போனார். காலை வைத்தார். கூடத்துச் சுவரைக் காலாலேயே தேய்த்து அழித்தார். அங்குலம் அங்குலமாக, வட்டம் முழுக்க. ரொம்பப் பெரிய வட்டம் அது. நாங்கள் அறைகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று தெரிந்தது. பாதி வட்டம் அழிந்தபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இங்க கூடம் வராது ஐயா" என்றார். "பிள்ளைங்க நடக்கிற வழி இது. காத்து போற வழியும் இதான். நான்தான் குறுக்கால நின்னுட்டேன்."

"கூடம் இல்லையா?"

"இல்லை ஐயா."

"அப்போ எங்கப்பா பேரு?"

கோட்டக்கா மிச்ச வட்டத்தை அழிக்கப் போய்விட்டார். செயலாளருக்குக் கோபம் வந்தது. விசிலைப் பார்த்தார். விசில் ஆகாயத்தைப் பார்த்தார். வெயில் உறைத்தது. நிற்க ஒரு நிழல் வேண்டும். திடலில் நிழல் இருந்த ஒரே இடம் மேற்குத் தாழ்வாரம்தான். மனிதர் அந்த மண்பாதை வழியாகவே நடந்து போய், தொங்கிக்கொண்டிருந்த துண்டுகளை விலக்கி, சீருடைகளுக்குப் பின்னால் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு காலுறை அவர் வழுக்கையில் சொட்டியது. துடைத்துக்கொண்டார். இன்னொரு சொட்டு. அதைத் துடைக்கவில்லை.

சாலைப் பக்கமிருந்து காற்று வந்தது. அத்தனை துணிகளும் ஒன்றாக மூச்சு இழுத்து விட்டது போல உப்பி அடங்கின. காற்று அவர் மேல் பட்டு, பாதை வழியாக, கூடம் இருந்த இடம் வழியாக, கிழக்கு வாசல் வழியாக வெளியே போயிற்று. அவர் செருப்பைக் கழற்றினார். காலை நீட்டினார். வரைபடத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டார். கோபமாக இருப்பவர் கோபமாகத்தான் கண்ணை மூடினார். பிறகு புருவம் மெல்ல அவிழ்ந்தது. பிறகு குறட்டை வந்தது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுப்புவதா? எழுப்பினால் கோபமும் சேர்ந்து எழுந்துவிடுமே. விசில், வாழ்நாளில் முதல்முறையாக, விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். நாங்கள் எங்கள் அறைகளில் கிசுகிசுத்தோம். தண்ணீர் குடிக்கப் போனவர்கள் நுனிக்காலில், வாசல் வழியாக, போய் வந்தார்கள். பொடிசு தன் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, அவர் முகத்தில் வெயில் விழப்போவதைக் கண்டு, கயிற்றில் இருந்த ஒரு துண்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திவிட்டாள். சூரியன் இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். மேகம் ஒன்று எல்லா அறைகளின் மேலும் மெதுவாகப் போயிற்று. அந்த மத்தியானம் முழுக்க, இல்லாத ஒரு வீட்டில், உறுதியாக ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கோட்டக்கா கடைசிக் கோட்டையும் அழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை, அவ்வளவு சுண்ணாம்பு.

செயலாளர் விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. துணிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோட்டக்காவைப் பார்த்தார். எல்லாம் ஞாபகம் வந்தது. கோபத்தைத் தேடினார். அது எங்கேயோ புல்லில் விழுந்துவிட்டது போலிருந்தது.

"அந்த வட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னா போடுவீங்களா?" என்றார்.

"கோடு போடறதுக்கென்ன ஐயா, போட்டுடலாம். ஆனா செங்கல் வெச்சுட்டா இந்தத் தூக்கம் இங்க வராது."

அவர் ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. "எங்கப்பா மளிகைக் கடை வெச்சிருந்தார்" என்றார் பிறகு. "மத்தியானத்துல தூக்கம் சொக்கும். படுக்க இடம் கிடையாது. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல உக்காந்தபடியே தூங்குவார். நான் ஈ ஓட்டுவேன்."

நெட்டை வாயைத் திறந்தாள். அவள் காலை மிதித்தேன்.

"பேரை உசரத்துல போட வேணாம்" என்றார் செயலாளர். "இங்கயே ஒரு கல் பெஞ்சு மாதிரி போட்டு, அதுல போடுங்க. யாராவது படுக்கிற மாதிரி இருக்கட்டும்."

கோட்டக்கா எழுந்தார். பைகளைத் தடவினார், டேப் இருந்த பையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கையை விட்டுத் தேடினார். கடைசியில் சுண்ணாம்பு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எவ்ளோ நீளம் ஐயா?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?" என்ற செயலாளர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால், வெள்ளைச் சட்டையோடு, மறுபடியும் புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார். "அவரும் என் உயரம்தான்" என்றார் துணிகளைப் பார்த்தபடி.

கோட்டக்கா குனிந்து அவர் தலைமாட்டில் ஒரு கோடும் கால்மாட்டில் ஒரு கோடும் போட்டார். செயலாளர் இரண்டு கோட்டையும் அழிக்காமல், பக்கவாட்டில் உருண்டு, பத்திரமாக எழுந்தார்.